நோர்பரியிலிருந்து ரோடியோவுக்கு ஏழு மைல்

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர நான் பேனா பிடித்ததில்லை. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் சங்கத்து மலரில் வருடா வருடம் ஒரு பயணக் கட்டுரை வரும். சுவிஸ் போனவர் எழுதியிருக்கிறார். நயாகரா பார்த்தவர் எழுதியிருக்கிறார். மலர் போடுகிற மாஸ்டர் மூன்று வருடமாக என்னையும் கேட்கிறார். நான் எங்கே போனேன்? லோண்டரிக்குப் போனேன், அறைக்கு வந்தேன். ஆனாலும் ஒரு பயணம் இருக்கிறது. போக ஏழு மைல், வர ஏழு மைல். அமெரிக்க ரோடியோ பார்க்கப் போன பயணம். சுவிஸ் பார்த்த தமிழர் பலர் இருக்கிறார்கள். ரோடியோ பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள்.

போனது 1993 ஆம் ஆண்டு யூலை 18, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. லண்டனில் டூட்டிங்கில் ஒரு அறையில் இருந்தேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் லோண்டரியில் வேலை. நான் கூச்சக்காரன். ஒரு முறை பஸ்ஸில் இறங்க அடிக்கும் மணிக்கும் எனக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றதால், அவரை விலகச் சொல்ல வாய் வராமல், இரண்டு தரிப்பு தாண்டி இறங்கி நடந்து வந்திருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டால் மீதிக் கதை விளங்கும்.

போனவர்கள் நான்கு பேர். தேவண்ணை, அவர் மனைவி கமலாக்கா, யோகராணி, நான். தேவண்ணை நோர்பரியில் வீடு வாங்கியிருந்தார். நான் லண்டன் வந்த நாளிலிருந்து எனக்குச் சொந்தம் என்றால் அவர்கள்தான். யோகராணி எனக்குப் பேசியிருந்த பெண். நீர்வேலிப் பக்கம். முப்பத்தாறு வயது. கடிதத்திலேயே எல்லாம் பேசி, கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்து, மாதக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்து, யூன் மாதக் கடைசியில் வந்து இறங்கியிருந்தார். கலியாணப் பதிவு முடியும் வரை பெண் மாப்பிள்ளையின் இடத்தில் இருப்பது அழகில்லை என்று கமலாக்கா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஞாயிறு தோறும் நான் போவேன். யோகராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். ரீவி ஓடும். கமலாக்கா நடுவில் இருப்பார். யோகராணிக்கு என்னிடம் ஏதும் கேட்க இருந்தால், "அக்கா, அவருக்குச் சீனி காணுமோ எண்டு கேளுங்கோ" என்பார். நானும் அக்காவிடம்தான், "காணும், இது போதும் எண்டு சொல்லுங்கோ" என்பேன்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். ஊருக்கு நான் அனுப்பிய படம் பழையது. லண்டன் வந்த புதிதில், டூட்டிங்கில் என் முதல் அறையில், பின்னால் முருகன் தெரிய நின்று எடுத்தது. அதில் எனக்குத் தலை நிறைய மயிர். அனுப்பிய வருடம் 1992. அப்போது என் தலையில் காதோரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. புதுப் படமும் எடுத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, பழையதையே உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். ஒட்டிய நாளிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு கல்.

விமான நிலையத்தில் யோகராணி என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். உடனே நிலத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கார் வரும் வரை நிமிரவில்லை. அடுத்த ஞாயிறு முதல் நான் தொப்பி போடத் தொடங்கினேன். வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. "என்ன தம்பி, சளியே?" என்று கமலாக்கா கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். யோகராணி படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை கமலாக்கா லோண்டரிக்கே ரெலிபோன் எடுத்தார். "தம்பி, யோகராணியின்ரை தமையன் கனடாவிலை இருந்து கதைச்சவர். பிடிக்காட்டிப் பதிய வேண்டாம், தான் அங்கை கூப்பிடுறன் எண்டு சொன்னவராம். வாற ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்குத் திரும்ப எடுப்பர். அதுக்குள்ளை யோகராணி முடிவு சொல்ல வேணும். நீங்கள் ஞாயிறு எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. வாயைத் திறந்து ரெண்டு கதை கதையுங்கோ."

எங்கே கூட்டிப் போவது? அரண்மனை பார்க்க ஆசையா, பாலம் பார்க்க ஆசையா என்று கமலாக்கா கேட்டதற்கெல்லாம் யோகராணி, "எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்றிருந்தார். ஆனால் முந்திய ஞாயிறு, மேசையில் கிடந்த இலவசப் பேப்பரில் ஒரு காளை ஆளைத் தூக்கி எறிகிற படம் வந்திருந்தது. அதை அவர் தேத்தண்ணி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அவர் தகப்பன் சவாரி மாடு வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் இரட்டை மாட்டு வண்டிகளை ஓடவிட்டுப் பந்தயம் பார்ப்பார்கள், அதுதான் சவாரி. தேவண்ணை பேப்பரை வாசித்துச் சொன்னார். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் முரட்டுக் குதிரையிலும் காளையிலும் ஏறி விழாமல் இருந்து காட்டும் போட்டி, பெயர் ரோடியோ, அடிங்டன் தாண்டி ஒரு வயலில் நடக்கிறது. ஆளுக்கு ஆறு பவுண். நான்கு ரிக்கற் எடுக்கத் தேவண்ணையிடம் காசு கொடுத்தேன்.

காலை 9.20. டூட்டிங்கிலிருந்து புறப்பட்டேன். ஸ்ட்ரெதத்தில் பஸ் மாறி 10.25க்கு நோர்பரி. மூட்டமான வானம், மழை இல்லை. கமலாக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். யோகராணி பச்சைச் சேலை, அதற்கு மேல் கமலாக்காவின் கார்டிகன், காலில் வெள்ளைச் சப்பாத்து.

11.00. தேவண்ணையின் டட்சன் கார் புறப்பட்டது. முன்னுக்கு நானும் அவரும், பின்னுக்குப் பெண்கள் இருவரும். தோர்ண்டன் ஹீத், குரொய்டன், பிறகு மேடு ஏறி அடிங்டன். ஏழு மைல் என்று மீட்டரைப் பார்த்துத் தேவண்ணை சொன்னார். கடைசி ஒரு மைல் இரு பக்கமும் மரமும் புல்லும். லண்டன் இவ்வளவு கெதியில் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது.

11.40. வயலுக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் காரைத் தவிர ஒரு கார் இல்லை. படலை பூட்டியிருந்தது. ரிக்கற்றில் 2 மணி என்று போட்டிருந்தது.

"என்னப்பா, பன்னிரண்டு எண்டு சொன்னியள்?" என்றார் கமலாக்கா.

"ரெண்டு எண்டு சொன்னால் நீ மூண்டுக்கு வெளிக்கிடுவாய். அதுதான் பன்னிரண்டு எண்டு சொன்னனான்."

"நீங்கள் பன்னிரண்டு எண்டால் ஒண்டுக்குத்தான் காரை எடுப்பியள். அதாலை நான் தம்பிக்குப் பதினொண்டு எண்டு சொன்னனான்."

நான் பதினொன்றுக்குப் பிந்தக் கூடாது என்று பத்தரைக்கே போய் நின்றவன். நல்ல காரியம் எதற்கும் நேரத்தோடு போய்ப் பழக்கமில்லாத நாங்கள், ஆளை ஆள் நம்பாமல், அமெரிக்கர்களுக்கும் முந்தி வந்து சேர்ந்திருந்தோம். பின் இருக்கையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யோகராணி சிரித்தாரா, தும்மினாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

லோண்டரியில் கழித்த விரிப்பொன்றைப் புல்லில் விரித்து ரோல்ஸ் சாப்பிட்டோம். வேலியோரம் ஒரு பட்டியில் ஆறு மாடுகள் நின்றன. கொம்பு என்றால் கொம்பு, ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்குப் பக்கவாட்டில் நீண்டிருந்தது. யோகராணி எழுந்து வேலிக்குப் போனார். நான் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். ஒரு மணித்தியாலம் அப்படியே நின்றோம். அவர் மாட்டைப் பார்த்தார். நான் அவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு மாடு அவருக்குக் கிட்ட வந்து மூச்சு விட்டது. அவர் நாக்கால் ஒரு சத்தம் போட்டார். மாடு காதை முன்னுக்குத் திருப்பியது.

படத்தைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மனதுக்குள் சொற்களைக் கூட்டி வைத்தேன். "அந்தப் படம் பழசு" என்பது மூன்றே சொல். மூன்றையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். அதற்குள் தேவண்ணை, "நடா! மிச்ச ரோல்ஸ் கிடக்குது!" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

1.00. படலை திறந்தார்கள். இப்போது சனம் வந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வெள்ளைக்காரர், எல்லார் தலையிலும் தொப்பி. தேவண்ணை நான்கு பவுண் கொடுத்து ஒரு பெரிய தொப்பி வாங்கினார். வயலின் நடுவில் கம்பி அடைத்த வட்டம், சுற்றிவரப் பலகைப் படிகள். தேவண்ணை, நான், கமலாக்கா, யோகராணி என்ற வரிசையில் இருந்தோம். கமலாக்கா மதில் மாதிரி நடுவில்.

2.10. நிகழ்ச்சி தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார், தேவண்ணை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த நாட்டுச் சட்டம் முரட்டுக் காளையில் ஏறி விளையாட விடாதாம். ஆகையால் காளைக்குப் பதில் யந்திரக் காளை. குதிரைகளும் மாடுகளும் பழக்கியவைதானாம்.

"அப்ப உந்தப் பேப்பரிலை கிடந்த மாடு?" என்று கமலாக்கா கேட்டார்.

"அது அமெரிக்காவிலையாம்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பழக்கமில்லாத ஊரில் அவருக்கு ஒரு காளையைக் காட்டலாம் என்று நினைத்தேன். அதிலும் படத்தில் ஒன்று, நேரில் ஒன்று.

ஆனாலும் நிகழ்ச்சி குறைவில்லை. ஒருவர் கயிற்றைச் சுழற்றி வளையமாக்கி அதற்குள் தானே பாய்ந்து பாய்ந்து வெளியே வந்தார். பிறகு மூன்று தகரப் பீப்பாய்களை வைத்து, பெண்கள் குதிரையில் வந்து ஒவ்வொன்றையும் சுற்றித் திரும்பி ஓடினார்கள். பீப்பாய் விழக் கூடாது, நேரமும் பிந்தக் கூடாது. குதிரை சரிந்து திரும்பும்போது பெண்ணின் கால் மண்ணில் தொடும் போல இருக்கும். யோகராணி கமலாக்காவைத் தாண்டி முன்னுக்குக் குனிந்துவிட்டார். "அக்கா, நாணயத்தை இழுக்காமல் முழங்காலாலை திருப்பினம், பாத்தியளே?" என்றார். கடிவாளத்தைத்தான் மாட்டின் மூக்குக் கயிறு போல நாணயம் என்றார். மூன்று கிழமையில் அவர் பேசிய நீளமான வசனம் அதுதான்.

3.00. யந்திரக் காளை. பெரிய பீப்பாய்க்குத் தோல் போர்த்தது போல, கீழே காற்றடைத்த மெத்தை. எட்டு விநாடி இருந்தால் வெற்றி. பார்வையாளர்களும் ஒரு பவுண் கொடுத்து ஏறலாம். தேவண்ணை எழும்பினார்.

"இஞ்சருங்கோ, எங்கை போறியள்?" என்றார் கமலாக்கா. எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், இஞ்சருங்கோ என்பார்கள். கமலாக்கா ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுவார். யோகராணி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"எட்டு விநாடிதானே? உன்னோடை பதினாறு வருசம் இருந்திட்டன்."

"சோபாவிலை இருந்து நித்திரையிலை விழுற மனிசன்! இஞ்சருங்கோ! சொன்னால் கேளுங்கோ!"

தேவண்ணை கேட்கவில்லை. தொப்பியோடு ஏறினார், எங்களுக்குக் கை காட்டினார். காட்டிய கை இறங்க முதல் ஆள் மெத்தையில் கிடந்தார். இரண்டு விநாடி என்று ஒலிபெருக்கி சொன்னது. சனம் கைதட்டியது. அவர் எழும்பி, தொப்பியைத் தேடி எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். "இப்ப சந்தோசமே? இனி ஆர் உங்களுக்குக் கால் அமத்திறது? நானோ, உந்த மாடோ?" என்று பேசிக்கொண்டே கமலாக்கா அவரை முதலுதவிக் கூடாரத்துக்குக் கூட்டிப் போனார்.

நானும் யோகராணியும் மிஞ்சினோம். நடுவில் கமலாக்கா இருந்த இடத்தில் ரோல்ஸ் பை இருந்தது.

3.20. குதிரைக்காரர்கள் அந்த ஆறு மாடுகளையும் வட்டத்துக்குள் ஓட்டி வந்தார்கள். பாட்டுச் சத்தம் காதைப் பிய்த்தது. மாடுகள் மெதுவாகச் சுற்றி வந்தன. எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. யோகராணி கமலாக்கா பக்கம் திரும்பினார். அக்கா இல்லை. பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தச் சுட்டி மாடு முன் வலங்காலை ஊன்றுதில்லை," என்றார். "காலமை வடிவா நடந்தது. இப்ப ஏதோ ஏறிப்போட்டுது. குளம்புக்கு நடுவிலை."

"ஓம்," என்றேன்.

"ஆருக்கும் தெரியேல்லை. பாட்டைப் போட்டுக்கொண்டு நடத்தினம். இன்னும் நடந்தால் உள்ளுக்கை போயிடும்." வட்டத்தின் வாசலைக் காட்டினார். "நீங்கள் போய்ச் சொல்ல மாட்டியளே?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூச்சத்தால் வந்த நன்மை அது ஒன்றுதான். எழும்பிப் போனேன். வட்டத்தின் வாசலில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர் நின்றார். அவர் முன்னால் போய் நின்றேன். என் வாய் திறக்க முதலே அவர் கையை நீட்டி, "ரொய்லற் அந்தப் பக்கம்," என்றார். நன்றி சொல்லிவிட்டு நான் ரொய்லற் பக்கம் நடந்தேன். பத்து அடி நடந்து, திரும்பிப் பார்த்தேன். படியில் பச்சைச் சேலை எழுந்து நின்றது. எங்கே போகிறான் இவன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். மெதுவாகச் சொன்னால் எனக்கு விளங்கும், ஆனால் வாயில் வருகிற லோண்டரி ஆங்கிலம் விரிப்பு, சூடு, கறை, நாளை. அதில் மாட்டுக்கு உதவும் சொல் எதுவும் இல்லை. "கவ்," என்றேன். என் நெற்றியைத் தொட்டு, "வைற்," என்றேன். பிறகு என் வலக் காலைத் தூக்கி, முகத்தைச் சுளித்து, மூன்றடி நொண்டிக் காட்டினேன். பக்கத்துப் படியில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மஞ்சள் ஜாக்கெட்காரர் சிரிக்கவில்லை. வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வோக்கி டோக்கியில் ஏதோ சொன்னார்.

மாடுகளை வெளியே எடுத்ததும் ஒரு பெரிய மீசைக் குதிரைக்காரர் வந்து, "நீரா சொன்னது?" என்று கேட்டார். நான் படியைக் காட்டினேன். யோகராணி ஏற்கனவே இறங்கி வந்துகொண்டிருந்தார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி. "கயிற்றைக் குறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ. காலைப் பின்பக்கம் மடிக்கச் சொல்லுங்கோ," என்றார். அதை நான் கையால் மொழிபெயர்த்தேன். யோகராணி மாட்டின் கழுத்தடியைத் தடவி, காலையில் போட்ட அதே சத்தத்தைப் போட்டார். மீசைக்காரர் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பின் பிளவுக்குள் மடிந்துபோன ஒரு போத்தல் மூடி. எடுத்ததும் ஒரு துளி இரத்தம் வந்தது. அவ்வளவுதான்.

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி யோகராணிக்குத் தலை குனிந்தார். என்னிடம் மெதுவாக, தெளிவாகப் பேசினார். தான் அமெரிக்கன் இல்லையாம், லண்டனுக்குக் கிழக்கே ரொம்ஃபோர்ட்காரனாம், முன்பு லொறி ஓட்டினவராம். வெளியில் சொல்ல வேண்டாம் என்று கண்ணடித்தார். யோகராணி அதற்குள் மாட்டின் கீழுதட்டை விரலால் இறக்கிப் பார்த்துவிட்டார்.

"ஆறு பல்லு. மூண்டு வயசு முடிஞ்சுது. கேட்டுப் பாருங்கோ."

மூன்று விரலைக் காட்டிக் கேட்டேன். மீசைக்காரர் வாய் பிளந்தார். "இந்த மாதம்தான் மூன்று முடிந்தது," என்றார்.

ஒரு முறை வாயைப் பார்த்தால் மாட்டின் வயதை மாதத்தோடு சொல்கிற பெண்ணுக்கு நான் என்ன படத்தை அனுப்பியிருக்கிறேன்!

3.50. படிக்குத் திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணி வண்டி நின்றது. ஒரு கோப்பை ஐம்பது பென்ஸ். இரண்டு வாங்கினேன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மஞ்சள் ஜாக்கெட்காரருக்கு முன்னால் நொண்டியவனுக்கு இனி என்ன வெட்கம்? தொப்பியைக் கழற்றினேன்.

"அந்தப் படம் பழசு," என்றேன். "தெரிஞ்சுதான் அனுப்பினனான். புதுசு ஒண்டும் எடுத்தனான். இதைப் பாத்தால் நீங்கள் வேண்டாம் எண்டுவியள் எண்டு பயம். பிழைதான்."

யோகராணி தேத்தண்ணியை ஊதினார்.

"அது எண்பத்தைஞ்சாம் ஆண்டுப் படம்," என்றார்.

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"மாடு வாங்கப் போனால் அப்பா முதல் பல்லைத்தான் பாப்பர். படத்திலை நீங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டியள். அதாலை பின்னுக்குப் பாத்தம். முருகனுக்குக் கீழை கலண்டர். அப்பாவின்ரை கண்ணாடியைப் போட்டுப் பாத்தால் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைஞ்சு எண்டு வடிவாத் தெரியுது."

என் முதல் அறையில் தொங்கிய முருகன், டூட்டிங் பலசரக்குக் கடையில் இலவசமாகக் கொடுத்த கலண்டர் முருகன். எட்டு வருடமாக எனக்கு அது முருகனாகத்தான் தெரிந்திருந்தது.

"அப்ப தெரிஞ்சுகொண்டே வந்தனீங்கள்?"

"ஓம். ஏழு வருசத்திலை தலைமயிர் போயிருக்கும், இல்லாட்டி வயித்திலை வண்டி வைச்சிருக்கும் எண்டு அப்பா சொன்னவர். வண்டி இல்லை."

"எயார்போர்ட்டிலை என்னைப் பாத்திட்டு நிலத்தைப் பாத்தனீங்கள்."

"உங்கடை சொக்ஸைப் பாத்தனான். ஒண்டு கறுப்பு, ஒண்டு மண்ணிறம். சிரிப்பு வந்திட்டுது. வந்து இறங்கின உடனை சிரிச்சால் கமலாக்கா என்ன நினைப்பா? அதுதான் குனிஞ்சு நிண்டனான்."

பிறகு அவர் சிரிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். "நீங்களாச் சொல்லுவியளோ எண்டு மூண்டு கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கிறன். தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து வந்து போனியள்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை வண்டியில் வைத்தார். மன்னித்தாரா, இல்லை நேரம் கடந்துவிட்டது என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. தேவண்ணையும் கமலாக்காவும் வந்துவிட்டார்கள். கமலாக்கா என் வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, அதிசயமாக, ஒன்றும் கேட்கவில்லை.

4.45. புறப்பட்டோம். தேவண்ணை இடுப்பு நோவோடு கார் ஓட்டினார். வழி முழுக்க நான்கு விநாடி இருந்தேன் என்று சாதித்தார். கமலாக்கா இரண்டுக்கு மேல் ஏறவில்லை. பின் இருக்கையில் யோகராணி சேலையில் ஒட்டியிருந்த மாட்டு மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தார்.

5.35. நோர்பரி. கமலாக்கா புட்டு அவித்தார். தேவண்ணை இடுப்புக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். நான் நேர் எதிரே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எட்டு விநாடி நீளம் என்று பகல் முழுக்கப் பார்த்திருந்தேன். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு எட்டு விநாடியை நான் பெரிதாக மதிப்பதில்லை.

7.00. வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். நடைபாதையில் இருந்த ரெலிபோன் அடித்தது. யோகராணி எடுத்தார். கதவு பாதி திறந்திருந்தது. கமலாக்கா புட்டுக் குழலைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்றுவிட்டார்.

"ஓம் அண்ணை. சுகமா இருக்கிறன். இண்டைக்கு மாடு பாக்கப் போனனாங்கள். ஓம், லண்டனிலைதான்... இல்லை அண்ணை, பகிடி இல்லை... ஓம், தலைமயிர் இல்லைத்தான். ஓம். சொன்னவர். இண்டைக்குத் தானாச் சொன்னவர்."

பிறகு நெடுநேரம் தமையன் பேசினார். யோகராணி "ம்" கொட்டிக்கொண்டு நின்றார். நான் என் சொக்ஸைப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டும் ஒரே நிறம்.

பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கதவுக்குள் தலையை நீட்டினார்.

"இஞ்சருங்கோ."

தேவண்ணை பழக்கத்தில் சோபாவை விட்டு எழும்பினார். கமலாக்கா ஓடி வந்து, புட்டுக் குழலாலேயே அவர் தோளை அமத்தி இருத்தினார்.

"உங்களை இல்லை," என்றார்.

"இஞ்சருங்கோ," என்று யோகராணி மறுபடியும் சொன்னார், என்னைப் பார்த்து. "அண்ணை உங்களோடை கதைக்க வேணுமாம்."

போனேன். ரிசீவரை வாங்கினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. நிறையப் பேசியதாகக் கமலாக்கா சொல்கிறார்.

சுவிஸ் மலையைப் பற்றி எழுதியவர், தூரம் போனால்தான் உலகம் தெரியும் என்று போன மலரில் முடித்திருந்தார். உண்மையாக இருக்கலாம். எனக்கு ஏழு மைல் காணும். இதை எழுத ஆறு வருடம் எடுத்ததற்குக் காரணம் கூச்சம்தான், வேறொன்றும் இல்லை. இப்போதும், மாஸ்டரிடம் கொடுக்க வேண்டிய தாள்களை மேசையில் வைத்துவிட்டு நான் லோண்டரிக்குப் போன நேரத்தில், வீட்டில் யோகராணி வாசித்துப் பார்த்து, நாணயம், குளம்பு, பல்லு எல்லாம் சரி, பீப்பாய் மட்டும் நாலு என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மூன்று என்றுதான் நினைவு. மூன்று என்றே விடுகிறேன்.

டூட்டிங், லண்டன்.
14 நவம்பர் 1999, ஞாயிற்றுக்கிழமை.